பஸ் வரைக்கும் பார்த்த படங்கள்

என் வயதுக்காரர்களே, தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்து, ஒரே குழாயடியில் பல் விளக்கி, இப்போது திருப்பூரிலும் கோவையிலும் பெங்களூரிலும் முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தேர்தல் நடத்தினீர்கள். நமக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரே வருடத்தில் குன்னூர் போய்ப் பார்த்த படங்களையெல்லாம் எந்தப் புண்ணியவானோ யூடியூபில் ஏற்றிவைத்திருக்கிறான், மறுபடி பார்த்துப் புதிதாக வரிசைப்படுத்துவோம் என்று திருப்பூர்க்காரன் ஆரம்பித்துவைத்தான். அந்தக் காலத்திலும் கை தூக்கச் சொல்லி எண்ணியவன் அவன்தான். நான் மட்டும் ஓட்டுப் போடவில்லை. ‘டீச்சருக்கு இன்னும் கர்வம் போகல’ என்று உங்களில் ஒருவர் எழுதியிருந்தீர்கள். கர்வம் எனக்கு உண்டு, மறுக்க மாட்டேன். ஓட்டுப் போடாததற்குக் காரணம் வேறு. அதைச் சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. சின்னம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உங்கள் பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் பஸ் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் எஸ்டேட்டுக்குக் கடைசி பஸ் குன்னூரிலிருந்து ஐந்து மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை மேட்னி இரண்டரை மணிக்கு என்று போர்டில் இருக்கும். நியூஸ் ரீல், சோப்பு விளம்பரம், கரண்டு போய்த் திரும்பி வருவது எல்லாம் சேர்ந்து படம் முடிய ஐந்தரையைத் தாண்டிவிடும். ஆகவே எந்தப் படத்தையும் நாம் முழுசாகப் பார்த்ததில்லை. கதாநாயகனுக்கு உண்மை தெரியவரும் நேரத்தில் ஆண்கள் பக்கத்தில் அப்பா எழுந்து துண்டை உதறுவார். அதுதான் சைகை. குறுக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாமும் எழுந்து, குனிந்தபடி, அடுத்தவர் காலை மிதித்துக்கொண்டு வெளியே வருவோம். ‘சிலோன் பஸ் கெளம்பிருச்சுடா’ என்று டவுன்காரர்கள் பின்னாலிருந்து கேலி பேசுவார்கள். கப்பலில் வந்து இந்த மலையில் இறங்கிய குடும்பங்கள் நாம், அவர்களுக்கு நாம் எப்போதும் சிலோன்காரர்கள்தான்.

நமக்கு அது குறையாகவே தெரியவில்லை. ‘படம் பஸ் வரைக்கும் நல்லா இருந்துச்சு’ என்போம். ‘பஸ்ஸுக்கப்புறம் என்ன ஆச்சு’ என்று கேட்போம். எல்லா ஊரிலும் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். பயிற்சிக்குக் கோவைக்குப் போனபோது விடுதித் தோழி ஒருத்தியிடம் ஏதோ ஒரு படம் பஸ் வரைக்கும் சுமார்தான் என்று சொல்ல, அவள் எந்த பஸ் என்று கேட்டாள்.

பஸ்ஸுக்கு அப்புறம் வருவதைச் சொல்வது என் சின்னம்மாவின் வேலை. அம்மாவின் தங்கை. எங்களோடு அதே லயத்து அறையில் இருந்தாள், கொழுந்து பறித்தாள். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. கல்யாணமாகி இரண்டே வருடத்தில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அவளுக்கும் இந்தியாவுக்குப் போகச் சொல்லிப் பேப்பர் வந்தது. சித்தப்பாவின் பேப்பர் வரவில்லை. அடுத்த கப்பலில் வந்துவிடுவேன் என்று சொல்லி அவர் பதுளைப் பக்கத்துத் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். அடுத்த கப்பல் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. நாங்கள் இங்கே வந்து நாலாவது மழைக்காலம் அது. சின்னம்மா அவருக்காகக் காத்திருக்க வேண்டுமா, அல்லது வேறு வாழ்க்கை பார்த்துக்கொள்ள வேண்டுமா என்ற பேச்சு அந்த வருடம்தான் லயத்தில் மெல்ல ஆரம்பித்தது. அவளுக்கு முன்னால் யாரும் பேசமாட்டார்கள். அவள் குடத்தோடு வந்தால் குழாயடி அமைதியாகிவிடும்.

தியேட்டர் உங்களுக்கு நினைவிருக்கிறதா? தகரக் கூரையில் மழை விழுந்தால் வசனம் கேட்காது, வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஈரக் கம்பளியும் தைல எண்ணெயும் வறுகடலையும் கலந்த ஒரு வாசம். பக்கத்துக் கதவை யாராவது திறந்தால் மூடுபனி உள்ளே வந்துவிடும். திரைக்குப் போக வேண்டிய வெளிச்சம் பாதி வழியிலேயே பனியில் மாட்டிக்கொள்ளும். கதாநாயகி வெளிறிப்போவாள், பிறகு காணாமல் போவாள், பாட்டு மட்டும் கேட்கும். கதவைச் சாத்தச் சொல்லி ஆண்கள் பக்கத்திலிருந்து கத்துவார்கள். பெண்கள் பக்கத்துக்கு டார்ச் அடித்து இடம் காட்ட ஓர் அம்மா இருந்தாள், காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருப்பாள். இடைவேளையில் சின்னம்மா எழுந்து அவள் இருக்கும் பக்கம் போவாள். படத்தின் முடிவைக் கேட்டுவரத்தான் போகிறாள் என்று நமக்குத் தெரியும். சின்னம்மாவே அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

பஸ் கிளம்பியதும் ஜன்னல்களுக்குக் கேன்வாஸ் திரையை இழுத்து விடுவார்கள். உள்ளே ஒரே ஒரு பல்பு எரியும். வளைவில் வாந்தி வராமல் இருக்க ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு நாம் பின் சீட்டைச் சுற்றி நெருக்கியடித்து நிற்போம். சின்னம்மா மெரூன் நிற ஸ்வெட்டரின் கையை இழுத்து விரல்களை உள்ளே மறைத்துக்கொண்டு ஆரம்பிப்பாள். அந்த ஸ்வெட்டர் பின்னால் எங்கே போனது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவள் குரல் பெரிய குரல் கிடையாது. ஆனால் அவள் பேசும்போது முன் சீட்டுக் கிழவர்கள்கூட இருமலை அடக்கிக்கொள்வார்கள். கண்டக்டர் டிக்கெட் போட்டு முடித்தபின் பின் படிக்கட்டுப் பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

கண்டக்டர் கேத்திக்காரர். முப்பது வயது இருக்கும். தோல் பையைக் குறுக்காகப் போட்டுக்கொண்டு, எல்லோரையும், நம்மைப் போன்ற வாண்டுகளையும்கூட, ‘ஏறுங்க, உள்ள போங்க’ என்று மரியாதையாகவே பேசுவார். தியேட்டரிலிருந்து நாம் ஓடிவரக் கொஞ்சம் தாமதமானால் விசில் கொடுக்காமல் டிரைவரிடம் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பார். இரவு பஸ் எஸ்டேட்டிலேயே நிற்கும். காலையில் பஸ் நிறுத்தத்துத் தேத்தண்ணிக் கடையில் அவரும் டிரைவரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபடிதான் நம் அம்மாக்களும் சின்னம்மாவும் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு வேலைக்குப் பேர் கொடுக்கப் போவார்கள்.

இனி படங்கள். பெயர் எதுவும் நமக்கு நினைவில் நின்றதில்லை. யானைப் படம், கிணற்றுப் படம், பேய் பங்களா, இரட்டைப் பிள்ளை, கப்பல் படம், இப்படித்தான் சொல்வோம். யானைப் படத்தில் ஜமீன்தாரின் ஆட்கள் துப்பாக்கியோடு காட்டுக்குள் போகும் இடத்தில் பஸ் வந்துவிட்டது. யானை ஆற்றைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டது, துப்பாக்கிக்காரனின் கால் சேற்றில் மாட்டிக்கொண்டது என்றாள் சின்னம்மா. கிணற்றுப் படத்தில் மாமியார் கொடுமை தாங்காமல் மருமகள் கிணற்றடிக்கு ஓடும்போது அப்பா துண்டை உதறினார். “குதிச்சா. ஆனா அந்த வருசம் மழ இல்ல, கெணத்துல முழங்காலளவுதான் தண்ணி. படியேறி மேல வந்து, சீலையைப் புழிஞ்சு கட்டிக்கிட்டு, அக்கா வீட்டுக்கு நடந்து போயிட்டா” என்றாள் சின்னம்மா. நாம் கைதட்டினோம். அம்மா முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

ஆடி மாதம் புதிதாகச் சிலோனிலிருந்து ஒரு குடும்பம் பக்கத்து லயத்துக்கு வந்தது. அவர்கள் பதுளைக்காரர்கள். அந்த வீட்டு அம்மா ஒரு மத்தியானம் எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் தாழ்ந்த குரலில் பேசினாள். சித்தப்பாவின் பேப்பர் எப்போதோ வந்துவிட்டதாம். அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். அங்கேயே வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறாராம், பிள்ளையும் பிறந்திருக்கிறதாம். நான் விறகு அட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். “சின்னம்மாகிட்ட ஒரு வார்த்த மூச்சு விட்டே, நாக்கை இழுத்து வச்சு அறுத்துருவேன்” என்றாள். சொன்ன கையோடு என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழவும் செய்தாள்.

அம்மாவின் பயத்தை நான் இன்றைக்குக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முந்தைய வருடம்தான் கீழ் டிவிஷனில் ஒருத்தி, இதே போன்ற செய்தி கேட்டு, களைக்கு அடிக்கும் மருந்தைக் குடித்துச் செத்துப்போயிருந்தாள். அவளைக் குளிப்பாட்டியவர்களில் அம்மாவும் ஒருத்தி. தங்கைக்குத் தெரியாமல் இருக்கும்வரை தங்கை உயிரோடு இருப்பாள் என்று அம்மா நம்பிவிட்டாள். அதற்குப் பிறகு தினமும் சித்தப்பாவைப் பற்றி அம்மாவே பேச்சை எடுப்பாள். இந்நேரம் பேப்பர் ஆபீஸரிடம் போயிருக்கும் என்பாள், கப்பலில் வந்தவர்கள் தங்கும் மண்டபம் முகாமில் கூட்டம் அதிகமாம் என்பாள். சின்னம்மா அரிசி புடைத்துக்கொண்டே, “ஆமாக்கா” என்பாள்.

கப்பல் படம் வந்தது அதற்குச் சில வாரங்கள் கழித்து. கல்யாணமான புதிதில் பிழைக்கக் கடல் கடந்து போன புருஷன், கரையில் காத்திருக்கும் பெண்டாட்டி. அவள் தினமும் சாயங்காலம் கதவைத் திறந்துவைத்து விளக்கேற்றுவாள். கப்பல் துறைமுகத்துக்குள் நுழைகிறது, ஊதல் சத்தம் கேட்கிறது, அவள் எழுந்து நிற்கிறாள். அதோடு பஸ். அன்றைக்கு நாம் ஓடி வந்த வேகம் ஞாபகமிருக்கிறதா? முடிவு தெரியாமல் மூச்சே விட முடியவில்லை. சின்னம்மா வழக்கம்போல உடனே ஆரம்பிக்கவில்லை. ஜன்னல் திரையின் கயிற்றைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

“கப்பல்ல அந்தாளு இல்ல” என்றாள். “எல்லாரும் எறங்கிப் போயிட்டாங்க. இவ வீட்டுக்கு வந்தா. தெறந்து கெடந்த கதவைச் சாத்துனா. காலையில எந்திரிச்சு வேலைக்குப் போனா. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?” என்று திருப்பூர்க்காரன் கேட்டான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

“அவ்வளவுதான். வேலைக்குப் போனவ நல்லாத்தான் இருந்தா.”

நமக்குப் பிடிக்கவே இல்லை. இதற்குப் போய் இவ்வளவு நேரம் உட்கார்ந்தோமா என்று முணுமுணுத்துக்கொண்டு ஆளுக்கொரு சீட்டுக்குப் போய்விட்டோம். அம்மா முன் சீட்டில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்தபின் அப்பாவிடம், “பாவம், புருசனை நெனச்சு ஏங்குறா. வாயில வர்றதுகூட அப்படியே வருது” என்றாள். கண்டக்டர் அன்றைக்கு எஸ்டேட் வந்தும் இறங்காமல் படிக்கட்டிலேயே நின்றிருந்தார். கடைசியாக இறங்கிய சின்னம்மாவுக்கு வழி விட்டு ஒதுங்கினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

ஐப்பசி மழையில் ரோடு சரிந்தது உங்களுக்கு மறந்திருக்காது. ஒரு வாரம் பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, நமக்குக் கொண்டாட்டம். அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா காற்றில் முறிந்து விழுந்த மரங்களை வெட்டி வரப் பெண்களோடு விறகுக்குப் போயிருந்தாள். அப்பா கீழே மண் அள்ளும் வேலையில். கண்டக்டர் முழங்கால்வரை சேறோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். பஸ் ஓடாததால் குன்னூரிலிருந்து நடந்தே ஏறியிருக்கிறார். காக்கி இல்லாமல், வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக அவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“அக்கா, சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாதுங்க” என்றார். “ஊட்ல அம்மா மட்டுந்தானுங்க. கேத்தியில கொஞ்சம் காடு இருக்குது, கேரட்டு போடறோம். உங்க தங்கச்சியக் கட்டிக்கோணும்னு கேக்க வந்தனுங்க.”

அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். “அவ தாலி கட்டுனவ. புருசன் சிலோன்ல இருக்காரு. பேப்பர் வந்ததும் வந்துருவாரு” என்றாள்.

“அவரு வரமாட்டாருங்கக்கா. லயத்துல எல்லாருக்கும் தெரியுமுங்க.”

“அவளுக்குத் தெரியாது.”

“நான் லீவு அன்னைக்கு அந்தப் படமெல்லாம் முழுசாப் பாத்துருவனுங்க. அவங்க பஸ்ல சொல்ற முடிவு எதுவும் படத்துல இல்லீங்க” என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் சின்னம்மாவைப் பொய்க்காரி என்கிறாரே. அம்மா என்னைக் குடத்தைக் கொடுத்து வெளியே துரத்தினாள். அவர் அதற்குமேல் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் தண்ணீரோடு திரும்பி வந்தபோது அவர் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். சரிவில் ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

சாயங்காலம் அப்பாவிடம் அம்மா எல்லாவற்றையும் கொட்டினாள். “பஸ்ல ஊருக்கு முன்னால வாயாடிக்கிட்டு வந்தா கண்டவனும் கேக்கத்தான் செய்வான். போதாததுக்கு அவ பொய் சொல்றான்னு வேற சொல்லிட்டுப் போறான்.” அப்பா கைகால் சேற்றைக் கழுவிக்கொண்டே, தங்கச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே என்றார். “என்னான்னு கேக்கச் சொல்றீங்க? உம்புருசன் ஒன்னை விட்டுட்டான், இவனைக் கட்டிக்கிறியான்னா? அவ செத்துப் போவா, அப்புறம் நீங்கதான் தூக்கிட்டுப் போவணும்” என்று அம்மா அழ ஆரம்பித்ததும் அப்பா பேச்சை விட்டுவிட்டார். சின்னம்மா விறகுக் கட்டோடு வந்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை.

ரோடு சரியானபோது பஸ்ஸில் வேறு கண்டக்டர் வந்தார். நம் கண்டக்டர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு குந்தா ரூட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். புதியவர் யாருக்காகவும் விசிலை நிறுத்திவைக்க மாட்டார். சின்னம்மா படத்துக்குப் போவது அதோடு நின்றது. அம்மா நிறுத்திவிட்டாள். நாம் போனோம், பாதியில் எழுந்து வந்தோம், பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். பொங்கல் லீவில் குழாயடியில் திருப்பூர்க்காரன் கை எண்ணினான். யானைப் படம் முதலாவது, கிணற்றுப் படம் இரண்டாவது. கப்பல் படத்துக்கு ஒரு கைகூட எழும்பாமல் கடைசிக்குப் போனது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சின்னம்மா ரிட்டயர் ஆகும்வரை கொழுந்து பறித்தாள். நான் பால்வாடி டீச்சரானபோது முதல் நாளுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தது அவள்தான். சித்தப்பா வந்துவிடுவார் என்ற பேச்சை அம்மா வருடத்துக்கு வருடம் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் அது தானாகவே நின்றுவிட்டது. சாகக் கிடந்தபோதுகூட அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, சித்தப்பா குடும்பம் வைத்துக்கொண்டதைத் தங்கையிடம் சொல்லிவிடாதே என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். அம்மா போன இரண்டாம் வாரம் சின்னம்மா கழுத்திலிருந்த தாலியைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். அக்கா போன துக்கத்தில் செய்கிறாள் என்று நினைத்தேன். இப்போது அவள் என்னோடுதான், கீழ்க் குன்னூரில், இந்த வாடகை வீட்டில் இருக்கிறாள்.

போன மாதம் நீங்கள் சொன்னபடியே நானும் படங்களைப் பார்க்க உட்கார்ந்தேன். முதலில் யானைப் படம். யானை சுடுபட்டு ஆற்றங்கரையிலேயே விழுந்து சாகிறது, அதை வளர்த்த பையன் அதன் மேல் படுத்து அழுகிறான். யானையைக் கொன்ற படத்துக்கா முதலிடம் கொடுத்தோம், நம் ஞாபகம் எவ்வளவு மோசம் என்று குழுவில் சிரித்துக்கொண்டீர்கள். அடுத்து கிணற்றுப் படம். கிணறு நிறையத் தண்ணீர். மருமகளின் படத்துக்கு மாலை போட்டு மாமியார் அழுவதோடு முடிகிறது. டார்ச் அம்மா ஏதோ தப்பும் தவறுமாகச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தேன். மூன்றாவதாகக் கப்பல் படம். கப்பலிலிருந்து புருஷன் இறங்குகிறான். கையில் பொம்மையும் பட்டுப்புடவையும். அவள் ஓடிப்போய் அவன் காலில் விழுகிறாள், அவன் தூக்கி நிறுத்துகிறான், திறந்த கதவு வழியாக இரண்டு பேரும் உள்ளே போகிறார்கள். குழுவில் நீங்கள் கண்ணீர் விடும் பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினீர்கள். இத்தனை அருமையான படத்தை அன்றைக்குக் கடைசியில் வைத்தோமே என்று வருந்தி, ஒரே மனதாக முதலிடம் கொடுத்தீர்கள்.

நான் போனை அணைத்தேன். கண்டக்டர் எங்கள் வாசலில் நின்று சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் சின்னம்மாவைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது என்று அம்மா சொன்னதற்கு அவர் கொடுத்த பதில் அது. படத்தில் புருஷன் வருகிறான், வரவில்லை என்று அவள் சொன்னாள் என்றால், அவளுக்குத் தெரியும். அத்தனை பேர் இருந்த பஸ்ஸில் அந்த ஒரு மனிதருக்குத்தான் அது கேட்டிருக்கிறது. சொந்த அக்காவுக்குக் கேட்கவில்லை. அம்மா எத்தனை வருடம் அந்தப் பாரத்தைத் தூக்கிச் சுமந்தாள் என்று நினைத்தபோது எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுநாள் மத்தியானம் நல்ல வெயில். சின்னம்மாவை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கப்பல் படத்தின் கடைசி அரை மணி நேரத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். கண் ஆபரேஷன் செய்தபின் அவளுக்குப் பார்வை நன்றாகவே இருக்கிறது. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தாள். புருஷன் கப்பலிலிருந்து இறங்கியதும், “இவன் என்னத்துக்கு வந்தான்?” என்றாள்.

“படத்துல இப்படித்தான் இருக்கு சின்னம்மா. டார்ச் அம்மாகிட்ட முடிவு கேட்டுட்டு வந்ததாச் சொன்னீங்களே.”

“அவளுக்குக் காதே கேக்காதுடி. நான் ஒண்ணுக்குப் போயிட்டு வருவேன்.” வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

“உங்களுக்கு எப்ப தெரியும்?” என்று கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

“தலைமன்னார்லயே தெரியும். உங்க சித்தப்பா கப்பல் ஏத்திவிட வந்துச்சுல்ல, மூட்டையைத் தூக்கிக் குடுத்துட்டு, கப்பல் நகர்றதுக்குள்ளயே திரும்பி நடந்துருச்சு. அப்பயே வெளங்கிருச்சு. அப்புறம் அந்தப் பதுளைக்காரியும் கொழுந்து மலையில வச்சுச் சொன்னா.”

“ஏன் அம்மாகிட்டச் சொல்லல?”

“அக்கா தெனம் அவ்வளவு பாடுபட்டு மறைச்சுக்கிட்டு இருந்தா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவ ஒடஞ்சு போயிருவா. எனக்கோசரம் அவ மறைச்சா, அவளுக்கோசரம் நான் மறைச்சேன். அவ இருக்க மட்டும் தாலியையும் போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.” வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். “மறைக்காம இருந்திருந்தாலும் என்னாத்த ஆகியிருக்கப்போவுது. சின்ன வயசுதானே அப்ப. நல்லவன் எவனாச்சும் வந்து கேட்டா அக்காகிட்ட வாயைத் தெறந்துருவோம்னு ரெண்டு மூணு வருசம் நெனச்சுக்கிட்டே இருந்தேன். ஒருத்தரும் வரல.”

இத்தனை வருடமும் கண்டக்டர் வந்த விஷயம் அவளுக்கு எப்படியாவது தெரிந்திருக்கும் என்றே நினைத்திருந்தேன். லயத்தில் தெரியாமல் போகும் விஷயம் உண்டா? ஆனால் மண் சரிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் எல்லோரும் ரோட்டில் இருந்தார்கள், பெண்கள் எல்லோரும் விறகுக்குப் போயிருந்தார்கள். பார்த்தது அம்மாவும் நானும்தான். அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். குந்தா ரூட்டிலேயே ரிட்டயர் ஆகி, கேத்தியில் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அவரும் இப்போது இல்லை. அதைச் சொல்ல உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான். சித்தப்பாவைப் பற்றிச் சொல்லாதே என்றுதான் அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டாள். இதைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை.

“வந்தாங்க சின்னம்மா” என்றேன். “பஸ் கண்டக்டரு. மண்ணு சரிஞ்சு பஸ் நின்னுபோன ஞாயித்துக்கெழம, நீங்க வெறகுக்குப் போயிருந்தீங்க. குன்னூர்ல இருந்து நடந்தே வந்தாரு. உங்களக் கட்டிக்கிறேன்னு அம்மாகிட்டக் கேட்டாரு.”

சின்னம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மடியிலிருந்த கை மட்டும் புடவைத் தலைப்பைச் சுருட்டியது. கீழே ரயில் பாதைப் பக்கம் யாரோ நாயைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அழுவாளோ என்று பயந்து நான் நாற்காலியை நெருங்கி உட்கார்ந்தேன். அவள் அழவில்லை.

“அம்புட்டுத் தூரம் நடந்து வந்த மனுசனுக்கு அக்கா என்ன குடுத்தா?” என்று கேட்டாள்.

“தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாங்க. அவரு குடிக்கல. நான் தண்ணி எடுத்துட்டு வந்தப்ப அப்படியே ஆறிப்போயி இருந்துச்சு.”

சின்னம்மா தலையை மெல்ல ஆட்டினாள்.

“அக்கா சீனி போட்டிருப்பா” என்றாள். “அவரு சீனி போடாமத்தான் குடிப்பாரு. இஞ்சி தட்டிப் போடணும்.”